ஓர் அலைக்கு ஒன்பது காகிதம்

கைப்பேசியில் நானே எடுத்த படம் ஒன்று. அதில் ஒரே ஓர் அலை. இடப்பக்கம் ஏற்கெனவே உடைந்து நுரையாகிவிட்டது, நடுவில் மடிந்துகொண்டிருக்கிறது, வலப்பக்கம் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. மூன்று நிலையும் ஒரே படத்தில் மாட்டிவிட்டதே என்ற சந்தோஷத்தில் அதை வாட்டர்கலரில் வரைய உட்கார்ந்தேன். ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும் என்றுதான் கணக்கு. மூன்று வாரமும் ஒன்பது காகிதமும் ஆயிற்று. தேறியது ஒன்பதாவது மட்டும்தான், ஆனால் எழுத விஷயம் இருப்பதெல்லாம் தேறாத எட்டில்தான்.

முதல் காகிதத்தில், கடல் என்றதும் கை தானாக நீலத்தில் போய் நின்றது. தாள் முழுக்க ஒரே நீலத்தைப் பூசி, அதன்மேல் கொஞ்சம் அடர்த்தியாக வளைவு வளைவாகக் கோடு இழுத்து, நுரைக்கென்று அங்கங்கே வெள்ளை விட்டேன். காய்ந்ததும் பார்த்தால் உதறிப் போட்ட போர்வை. சரி என்று அதைச் சுவரில் சாய்த்துவைத்து, பக்கத்தில் படத்தைப் பெரிதாக்கி வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது, அந்தப் படத்தில் நீலம் என்று சொல்லத்தக்க இடம் கால்வாசிகூட இல்லை. நிமிர்ந்து நிற்கும் அலையின் முகம் கரும்பச்சை. அதன் உச்சியில், தண்ணீர் மெலிந்து பின்னாலிருந்து வெயில் ஊடுருவுகிற ஒரு விரற்கடை இடத்தில் மட்டும் கண்ணாடிப் பச்சை. அலைக்கு முன்னால் தட்டையாகக் கிடக்கும் தண்ணீர் வெளிறிய சாம்பல், கிட்டத்தட்ட வானத்தின் நிறமேதான். தொடுவானத்தை ஒட்டிய மெல்லிய பட்டை ஒன்றுதான் உண்மையில் அடர்நீலம்.

இது ஏன் என்று புரிந்தபிறகு வேலை பாதியாகக் குறைந்தது. தண்ணீரை நேர்மேலிருந்து குனிந்து பார்த்தால், மேலே விழும் ஒளியில் சுமார் 2 சதவீதம்தான் திரும்பி வரும், மீதி உள்ளே போய்விடும், அதனால் தண்ணீரின் உள்நிறம் தெரியும். பார்வை சாயச் சாய பிரதிபலிப்பு கூடிக்கொண்டே போய், தட்டைத் தண்ணீர் கண்ணாடிபோல வானத்தைக் காட்டத் தொடங்கிவிடும். அலை எழும்பி நம் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கும்போது கரையில் நிற்கும் நாம் அதை ஏறக்குறைய நேருக்கு நேர் பார்க்கிறோம், அங்கே வானம் தெரிவது குறைந்து உள்ளே இருக்கும் பச்சை எட்டிப்பார்க்கிறது. சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடும் என்பதால், ஊடுருவி வரும் வெளிச்சத்தில் மிஞ்சுவது பச்சையும் நீலமும்தான். ஆக, தண்ணீர் ஒன்றுதான், சாய்வு மாறினால் நிறம் மாறுகிறது. அலையைக் கோடு போட்டுக் காட்டவே வேண்டாம், சாய்வு மாறுகிற இடத்தில் நிறத்தை மாற்றினாலே அது எழுந்து நின்றுவிடும். தொடுவானப் பட்டை வானத்தைவிட இருண்டிருப்பதும் இதே கணக்குதான், தூரத்தில் நமக்குத் தெரிவதெல்லாம் நம்மை நோக்கிச் சாய்ந்த சின்னச் சின்ன அலைமுகங்கள்.

இரண்டாவது காகிதத்தில் நிறம் தேவலாம். நுரையில்தான் கோட்டைவிட்டேன். நுரையின் வெள்ளையைக் காப்பாற்ற மாஸ்கிங் ஃப்ளூயிட் பூசினேன், அதாவது அம்மோனியா கலந்த ரப்பர் பால், காய்ந்ததும் தோல்போல் உரிந்து வரும். பிரஷ்ஷை முதலில் சோப்பில் தேய்த்து ஊறவிட்டு அப்புறம்தான் இதில் தோய்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தும், ஒரு நிமிடம்தானே என்று அப்படியே தோய்த்தேன், 8-ஆம் எண் பிரஷ் ஒன்று அன்றோடு போய்ச் சேர்ந்தது. அது போதாதென்று அவசரத்துக்கு ஹேர் டிரையர் வேறு காட்டினேன். சூடு பட்டால் அந்த ரப்பர் காகிதத்தோடு இறுகிக்கொள்ளும். உரித்தபோது காகிதத்தின் மேல்தோலும் கூடவே வந்தது, அந்த இடத்தில் நிறம் வைத்தால் மைஉறிஞ்சும் தாள்போலக் குபுக்கென்று இழுத்துக்கொண்டது.

அதெல்லாம் கைத்தவறு, திருத்திக்கொள்ளலாம். உண்மையான கோளாறு வேறு. மாஸ்கிங் உரிந்த இடமெல்லாம் கத்திரித்து ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி சுற்றிலும் ஒரே கூர்மை. நுனியெல்லாம் வளைந்து நகம் நகமாக நின்றது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தால், அது ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1830-களின் தொடக்கத்தில் மரக்கட்டை அச்சில் செய்த அந்தப் பேரலையின் நகம். அந்த அச்சுக்கு அது அழகு, அங்கே எல்லாமே கோட்டால் ஆனது, கோட்டுக்குள் பிரஷ்ய நீலம். நான் செய்ய நினைத்ததோ கோடே இல்லாத தண்ணீர். ஆனால் எத்தனையோ முறை பார்த்த படம் என்பதால் கை அதையே போட்டுவைத்திருந்தது. நுரையில் எந்த விளிம்பு கூர்மை, எந்த விளிம்பு கரைந்துபோகிறது என்ற கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு முதலில் வந்தது. அதற்குப் பிறகு செய்த ஏழு காகிதமும் ஒருவிதத்தில் அந்தக் கேள்விதான்.

கூர்மை வேண்டாம் என்று மூன்றாவதில் எல்லாவற்றையும் ஈரத்தில் ஈரமாகப் போட்டேன். தாளை நன்றாக நனைத்து, நிறத்தை விட்டு, அது தானாகப் பரவட்டும் என்று விட்டுவிடுவது. முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம். அப்புறம் ஓரிடத்தில் நிறம் பற்றவில்லை என்று தண்ணீர் சொட்டும் பிரஷ்ஷோடு உள்ளே போனேன், பாதி காய்ந்திருந்த நிறத்தை அந்தத் தண்ணீர் தள்ளிக்கொண்டு போய் ஓரம் கட்டி, வானத்தின் நடுவே காலிஃபிளவர் பூத்துவிட்டது. காகிதம் வேறு 200 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள மரக்கூழ்த் தாள், நனைந்ததும் மேடும் பள்ளமுமாக எழும்பி, பள்ளத்திலெல்லாம் குளம் கட்டியது. நான்காவதிலிருந்து 300 ஜிஎஸ்எம் முழுப் பருத்தித் தாளுக்கு மாறினேன், கோல்ட் பிரஸ், அதாவது மிதமான சொரசொரப்பு. காசு கூடுதல்தான். ஆனால் எதில் சிக்கனம் பிடித்தாலும் காகிதத்தில் பிடிக்கக் கூடாது, மலிவான நிறத்தை நல்ல தாளில் போட்டால் ஓரளவு தேறும், நல்ல நிறத்தை மலிவான தாளில் போட்டால் தேறவே தேறாது.

ஈரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் செய்த பிழைகளில் பாதி இதில்தான். தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கிச் சாய்வாகப் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னினால் நிறம் எங்கே வேண்டுமானாலும் ஓடும், வானத்துக்கு அது சரி. மின்னல் அடங்கி மெழுகுபோல் மங்கலாகப் பளபளத்தால், கெட்டியான நிறத்தை வைத்தால் ஓரம் மட்டும் மெத்தென்று விரியும், நுரையின் நிழலுக்கு ஏற்ற நேரம் அதுதான், எனக்குக் கிடைத்தது அதிகம் போனால் இரண்டு மூன்று நிமிடம். பளபளப்பு போய்ப் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கிறதா, கையை எடுத்துவிட வேண்டும், அந்த நேரத்தில் தொட்டால் காலிஃபிளவர்தான். சில்லிப்பும் போனபிறகு மறுபடியும் தொடங்கலாம். எந்தக் கட்டத்திலும் பிரஷ்ஷில் இருக்கும் ஈரம் தாளில் இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், இந்த ஒன்றைக் கைக்குப் பழக்க எனக்கு மூன்று காகிதம் பிடித்தது.

நான்காவது கெட்டது நிறத்தேர்வால். கடலுக்குத் தாலோ நீலம் எடுத்தேன், டியூபில் பிபி 15 என்று நிறமியின் குறியீடு போட்டிருக்கும். துளி போட்டால் பாலெட்டே நிறைந்துவிடும், அவ்வளவு வீரியம். நுரை இருக்க வேண்டிய இடத்தில் அது வழிந்துவிட்டது, ஈரப்பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடலாம் என்று பார்த்தால் போகவே மாட்டேன் என்கிறது. அது கறைபிடிக்கும் ரகம். அல்ட்ராமரைன் அப்படியில்லை, பிபி 29, துகள் பெரிது, தாளின் குழிகளில் போய்ப் படிந்து மணல் தூவியதுபோல் ஒரு சொரசொரப்பு தரும், தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். ஒருகாலத்தில் லாபிஸ் லாசுலி என்ற விலையுயர்ந்த நீலக்கல்லை அரைத்து எடுத்த இந்த நிறத்தை 1820-களின் கடைசியில் பிரான்ஸில் கீமே என்ற வேதியியலாளர் செயற்கையாகச் செய்துகாட்டினார், இல்லாவிட்டால் நான் இப்படி எட்டுத் தாளை வீணாக்கியிருக்க முடியாது. கடைசியில் எனக்கு நின்றது அல்ட்ராமரைன், கோபால்ட் நீலம், தாலோ பச்சை, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, ரா சியன்னா என்ற மஞ்சள் பழுப்பு, எலுமிச்சை மஞ்சள், இவ்வளவுதான். தாலோ பச்சையைத் தனியாகப் போட்டால் பிளாஸ்டிக் வாளி மாதிரி இருக்கும். அதில் ஒரு துளி பர்ன்ட் சியன்னா விழுந்ததும் ஆழ்ந்த தண்ணீரின் பச்சை வந்துவிடுகிறது. அல்ட்ராமரைனோடு சியன்னா சேர்ந்தால் நீலச்சாம்பல். கறுப்பு தேவைப்படவே இல்லை.

ஐந்து, ஆறு இரண்டையும் நான்காக வெட்டி, நுரையை மட்டும் போட்டுப் பழகினேன். கைப்பேசிப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தது அப்போதுதான், இன்னும் முன்னாலேயே செய்திருக்க வேண்டும். வெள்ளை வெளேர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நுரையில் பத்தில் எட்டுப் பங்கு சாம்பல். வெயில் படும் மேல்விளிம்பில் ஒரு கீற்று மட்டும்தான் தாளின் வெள்ளை. நிழல் விழுந்த அடிப்பக்கம், முன்னால் கிடக்கும் தட்டைத் தண்ணீர் அளவுக்கே இருட்டு. நுரை என்பது காற்றுக்குமிழ்க் கூட்டம், எல்லா நிறத்தையும் சிதறடிப்பதால் வெள்ளை, அது சரி. ஆனால் அது ஒரு பொருள், மேகத்தைப் போல அதற்கும் வெளிச்சப்பக்கம், நிழற்பக்கம் உண்டு. அல்ட்ராமரைனும் சியன்னாவும் கலந்த நீர்த்த சாம்பலில் நீலம் ஒரு பிடி தூக்கலாக வைத்து நிழல் போட்டபோது முதல்முறையாக நுரை உருண்டது.

விளிம்பும் அங்கேதான் பிடிபட்டது. நுரையின் மேல்விளிம்பு, பின்னால் இருக்கும் இருண்ட கடலோடு மோதும் இடம், கூர்மை. ஆனால் தொடர்ச்சியான கூர்மை இல்லை, பொரிந்த கூர்மை. அதற்கு உலர் தூரிகைதான் வழி: பிரஷ்ஷில் கெட்டியான நிறத்தை எடுத்து, துணியில் ஒற்றி, படுக்கவைத்து வேகமாக இழுத்தால் தாளின் மேடுகளில் மட்டும் நிறம் பிடித்துக் குழிகள் வெள்ளையாக நிற்கும். நான் இழுத்தது பின்னால் இருக்கும் கடலின் நிறத்தை, நுரையை இல்லை. நுரையின் கீழ்விளிம்புக்கு இது நேர்எதிர், அது எங்கே முடிகிறது என்றே தெரியக் கூடாது. அதற்கு வெறும் தண்ணீர்ப் பிரஷ்ஷை ஓரத்தில் ஓட்டிவிட்டால் போதும். மேலே பொரியும் கூர்மை, கீழே கரைவு. இது இரண்டும் வந்தபிறகு மாஸ்கிங் ஃப்ளூயிட் புட்டியை மூடி அலமாரியில் ஏற்றிவிட்டேன்.

ஏழாவதில் தொடுவானம் சாய்ந்துவிட்டது. வலப்பக்கம் மூன்று மில்லிமீட்டர் இறக்கம், அவ்வளவுதான், ஆனால் பார்க்கிறவர் கண் வேறெங்கும் போகாது, கடலே வலப்பக்கம் வழிந்து காலியாகிவிடும்போலத் தோன்றும். கண் அளவை நம்பாமல் இரண்டு ஓரத்திலிருந்தும் அளவுகோலால் அளந்து டேப் ஒட்டுங்கள்.

எட்டாவது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அலைமுகத்தின்மேல் வலைபோல் படர்ந்திருக்கும் நுரைப்பின்னலைப் போட வெள்ளை கவாஷை, அதாவது அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான வாட்டர்கலரை எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் இழை இழையாக இழுத்தேன். கம்பிவேலி. கடலுக்குக் குறுக்கே யாரோ கம்பிவேலி போட்டுவிட்டார்கள். அதை மறைக்க, பல்துலக்கும் பிரஷ்ஷில் கவாஷைத் தோய்த்துத் தெறிக்கவிட்டேன், வேலியின்மேல் பனியும் பொழிந்தது. இங்கே நிறுத்தியிருந்தால்கூட ஏதாவது செய்திருக்கலாம், கோபத்தில் இன்னும் கொஞ்சம் தெறித்தேன்.

இரண்டு நாள் விட்டுவிட்டு ஒன்பதாவதை ஒட்டினேன். பென்சிலில் மூன்றே கோடு: தொடுவானம், அலையின் முகடு, கரையில் நுரை நிற்கும் ஓரம். வானத்தைக் கோபால்டை நன்றாக நீர்த்து ஒரே மூச்சில் முடித்தாயிற்று. காய்ந்தபின் தொடுவானத்துக்கு மேலே டேப் ஒட்டி, அல்ட்ராமரைனில் துளி தாலோ பச்சையும் சியன்னாவும் கலந்த பட்டையைப் போட்டு, டேப்பை எடுத்தபின் அந்த நேர்க்கோட்டை ஈரப்பிரஷ்ஷால் இரண்டு இடத்தில் மட்டும் லேசாக உடைத்தேன், இல்லாவிட்டால் தொடுவானம் மேசை விளிம்புபோல் நிற்கும்.

அப்புறம் அலைமுகம். முகட்டில் வெயில் ஊடுருவும் இடத்தில் மட்டும் எலுமிச்சை மஞ்சளை மிக நீர்த்தாகப் பூசிக் காயவிட்டேன். அதன்மேல் தாலோ பச்சையைத் தெளிவாகத் தொடங்கி, கீழே இறங்க இறங்க சியன்னாவும் அல்ட்ராமரைனும் கூட்டிக்கொண்டே போய், அடியில் கிட்டத்தட்டக் கறுத்த பச்சையில் கொண்டுபோய் நிறுத்தினேன். இதை ஈரம் காய்வதற்குள் ஒரே ஓட்டத்தில் செய்ய வேண்டும், பலகையைக் கொஞ்சம் சாய்த்துவைத்தால் நிறம் தானாகக் கீழே இறங்கி உதவும். பிரஷ்ஷை ஒருபோதும் குறுக்கே இழுக்கவில்லை. அலை உடைவதற்கு முன் முன்னாலிருக்கும் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும், முகத்தில் தெரியும் கோடுகளெல்லாம் அடியிலிருந்து முகட்டுக்கு வளைந்து ஏறுபவை, பிரஷ்ஷும் அதே வழியில்தான் போக வேண்டும். முதல் காகிதம் போர்வையானதற்கு இதுவும் ஒரு காரணம், அங்கே எல்லாவற்றையும் இடமிருந்து வலமாக இழுத்துவைத்திருந்தேன். இன்னொன்று, வாட்டர்கலர் காய்ந்தால் ஒரு படி வெளுக்கும். ஈரத்தில் பார்க்கும்போது ‘ஐயோ, ரொம்ப இருட்டாகிவிட்டதே’ என்று பயம் வரும் அளவுக்குப் போட்டால்தான் காய்ந்தபின் சரியாக வருகிறது.

நுரைப்பின்னலுக்கு இந்தமுறை வெள்ளையைத் தொடவே இல்லை. முகத்தின் இடப்பாதியில் வெளிர்பச்சையை மட்டும் பூசிக் காயவிட்டு, அதன்மேல் கரும்பச்சையில் ஓட்டைகளைப் போட்டேன். இழைகளை இல்லை, இழைகளுக்கு நடுவே தெரியும் தண்ணீரை. ஒழுங்கில்லாத முட்டை வடிவங்கள், ஒன்றையொன்று தொடாமல். நடுவில் விட்டுப்போன வெளிர் இடைவெளி தானாகவே பின்னலாகிவிட்டது, அதுவும் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் இழைந்து, நான் வேண்டுமென்று போட்டிருந்தால் அப்படி வந்திருக்காது. தட்டைத் தண்ணீரில் இந்த ஓட்டைகள் தூரம் போகப் போகச் சப்பையாகிக் கோடாக வேண்டும், அலைமுகத்தில் ஏறும்போது மேல்நோக்கி இழுபட வேண்டும். இந்த ஒரு திருப்பத்தில்தான் தண்ணீர் படுத்திருக்கிறதா எழுந்து நிற்கிறதா என்பது கண்ணுக்குத் தெரிகிறது. கம்பிவேலியில் எல்லாக் கட்டமும் ஒரே அளவு.

கரையில் வழியும் மெல்லிய நுரைக்கு ஒரு சின்ன வேலை: அதன் முன்விளிம்புக்குக் கீழே, ஈரமணலில், நூல் அளவுக்கு ஓர் இருண்ட கோடு. சியன்னாவும் அல்ட்ராமரைனும். அது இல்லாதவரை நுரை மணலில் ஒட்டிய காகிதம், அது விழுந்ததும் அரை விரல் கனம் வந்துவிட்டது. அந்தக் கோடும் முழுக்க ஓடக் கூடாது, நான்கைந்து இடத்தில் அறுந்துபோக வேண்டும்.

கடைசியாகப் பிளேடு. எலும்புபோல் காய்ந்த தாளில், முகட்டுக்குப் பின்னால் வெயில் சிதறும் இடத்தில், நுனியால் ஏழெட்டுக் கீறல். இங்கிலாந்து ஓவியர் டர்னரும் அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரும் வாட்டர்கலரில் இப்படிச் சுரண்டி வெளிச்சம் எடுத்தவர்கள்தான், அதனால் இதை ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. சுரண்டிய இடத்தில் மறுபடி நிறம் வைக்க முடியாது, எனவே இதற்குமேல் ஒன்றுமே செய்யப் போவதில்லை என்று முடிவானபிறகுதான் பிளேடை எடுக்க வேண்டும். தெறிப்புக்கு, மற்ற இடத்தையெல்லாம் பழைய தாளால் மூடிவிட்டு, காற்று அடிக்கும் திசையில் மூன்றே முறை கவாஷைத் தெறித்தேன். நான்காவது முறைக்குக் கை போனது. பிரஷ்ஷைக் கழுவிவைத்துவிட்டேன்.

டேப்பை உரித்தபோது வலது கீழ்மூலையில் ஒரு நகக்கண் அளவு காகிதம் கிழிந்தது, அவசரத்தில் மேல்நோக்கி இழுத்ததுதான் காரணம், தாளை ஒட்டிப் படுக்கவைத்து வெளிப்பக்கமாக இழுத்திருக்க வேண்டும். ஈரமணலில் நுரையின் பிரதிபலிப்பும் சரியாக வரவில்லை, அலைக்கு நேர்கீழே விழ வேண்டியது கொஞ்சம் இடப்பக்கம் நழுவிவிட்டது. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். பத்தாவது தாளைப் பலகையில் ஒட்டியாகிவிட்டது, அதில் அலை கிடையாது, உடைந்தபிறகு மணலில் வழிந்து திரும்பிப் போகிற அந்த ஒரு சாண் தண்ணீர் மட்டும்.